சாகவேண்டிய கலம் சாகாமல் இருப்பது எப்படி: மார்பகப் புற்றுநோயும் புரதம் செய்யாத ஆர்என்ஏக்களும்

புற்றுநோய் என்றால் உடம்புக்குள்ளே கலங்கள் செத்துச் செத்து அழுகுவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "உள்ளுக்குள்ள அரிச்சுத் தின்னுது" என்ற பேச்சைக் காத்தான்குடி மருந்துக் கடையிலும் கேட்கலாம், களுவாஞ்சிக்குடி பஸ் தரிப்பிடத்திலும் கேட்கலாம். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. சாகவேண்டிய கலங்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போவதுதான் மார்பகப் புற்றுநோயின் பெரிய சிக்கல். கட்டி பெரிதாகி, இரத்தம் போதாமல் அதன் நடுப்பகுதி செத்துப் புண்ணாவது பிறகு வருவது. கண்ணுக்குத் தெரிவது அந்தப் புண் என்பதால் பேச்சும் அதைப் பற்றியே இருக்கிறது.

ஆர்என்ஏ என்ற சொல்லும் இதே மாதிரித்தான். கொரோனாத் தடுப்பூசிக் காலத்தில் பைசர் ஊசியோடு அது வீடு வீடாக வந்தது. அப்புறம் வாட்ஸப்பில் இரண்டு கட்சி. ஆர்என்ஏயால் புற்றுநோய் வரும் என்று ஒரு கட்சி, ஆர்என்ஏயால் புற்றுநோய் மாறும் என்று இன்னொன்று. ஒரே ஆள் இரண்டையும் ஒரே கிழமையில் அனுப்பியதும் உண்டு. நம் கலங்களுக்குள் ஆயிரக்கணக்கான வகை ஆர்என்ஏக்கள் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை மட்டும் இரண்டு கட்சியும் சொல்லவில்லை.

ஒரு மார்பகக் கலம் சாவதா இருப்பதா என்பதில் இந்த ஆர்என்ஏக்களுக்கு என்ன பங்கு என்பதை அடியிலிருந்து பார்ப்போம். உயர்தரத்தில் உயிரியல் படித்திருக்கத் தேவையில்லை.

கலம் சாவதும் ஒரு வேலைதான்

கலம் என்பது உடம்பின் மிகச் சிறிய உயிருள்ள அலகு. செல் என்று சொல்வதும் இதைத்தான். நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான கலங்கள் சாகின்றன. அது நோயில்லை, பராமரிப்பு.

மார்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் பால் சுரக்கும் கலங்கள் ஏராளமாகப் பெருகியிருக்கும். பிள்ளை பால் மறந்ததும் அவற்றுக்கு வேலையில்லை. சில நாட்களிலேயே அவை பெரும் தொகையாகச் சாகத் தொடங்குகின்றன, மார்பகம் பழைய அமைப்புக்குத் திரும்புகிறது. இவ்வளவு கலங்கள் செத்தும் பொதுவாகச் சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, தாய்க்கு அது தெரிவதுகூட இல்லை. அவ்வளவு ஒழுங்காக நடக்கிற சாவு அது.

இந்த ஒழுங்கான சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. கலம் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் டிஎன்ஏ துண்டுதுண்டாகிறது, கலம் சிறு பொதிகளாகப் பிரிகிறது, அயல் கலங்கள் அவற்றை விழுங்கிச் சுத்தம் செய்துவிடுகின்றன.

இதைக் 'கலத்தின் தற்கொலை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. கலத்துக்கு மனமும் இல்லை, முடிவும் இல்லை. அங்கே இருப்பது அளவுகள் மட்டும்தான், குறிப்பாக இரண்டு கூட்டப் புரதங்களின் அளவு. கலத்துக்குச் சக்தி எடுத்துத் தரும் இழைமணியின் வெளிச்சுவரில் இந்த இழுபறி நடக்கிறது. பாக்ஸ் போன்ற புரதங்கள் அந்தச் சுவரில் துளையிடப் பார்க்கின்றன. பிசிஎல்-2 போன்றவை துளையிட விடாமல் அவற்றைப் பிடித்துவைக்கின்றன. துளையிடும் பக்கம் ஓங்கினால் இழைமணிக்குள் இருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிகிறது. அது காஸ்பேஸ்கள் எனப்படும் வெட்டும் நொதியங்களை எழுப்பிவிடுகிறது. அவை கலத்தின் உள்ளுறுப்புகளை வெட்டத் தொடங்கினால் அநேகமாகத் திரும்பி வர வழியில்லை.

டிஎன்ஏ பழுதாகும்போது இந்த இழுபறியைச் சாவின் பக்கம் தள்ளுவது பி53 என்ற புரதம். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் பி53இன் ஜீன் கெட்டுப்போயிருக்கிறது.

இதுவரை பார்த்தது: கலம் சாவது ஒழுங்கான ஒரு செயல். சாகவைக்கும் புரதம் எவ்வளவு, காக்கும் புரதம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது நடக்கிறது. இந்த 'எவ்வளவு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

புரதம் செய்யாத ஆர்என்ஏ

டிஎன்ஏ நம் கலத்தின் கருவுக்குள் இருக்கும் நீண்ட இழை. மனிதருக்கு அதில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதியை ஜீன் என்கிறோம். நம் பாடப்புத்தகங்களில் அது பரம்பரை அலகு. அந்தக் குறிப்பு முதலில் ஆர்என்ஏ என்ற சிறு இழையில் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படிதான் தூது ஆர்என்ஏ. கலம் அதைப் படித்துப் புரதம் செய்கிறது.

இங்கேதான் டிஎன்ஏயில் பெரும்பகுதி 'குப்பை' என்ற பழைய பேச்சு வருகிறது. புரதம் செய்யும் ஜீன்கள் மனிதருக்குச் சுமார் 20,000. புரதக் குறிப்பாக இருக்கும் எழுத்துகளை மட்டும் கூட்டினால் மொத்த டிஎன்ஏயில் 2 வீதம்கூட வராது. மிச்சமெல்லாம் குப்பை என்று நீண்ட காலம் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மிச்சத்திலிருந்தும் ஏராளமான ஆர்என்ஏக்கள் படியெடுக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து புரதம் வருவதில்லை. இவைதான் புரதம் செய்யாத ஆர்என்ஏக்கள். அவை எல்லாமே பயனுள்ளவை என்று இப்போது எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு, அதுவும் சரியில்லை. சிலவற்றுக்குத் தெளிவான வேலை உண்டு, பலவற்றுக்கு ஒரு வேலையும் இல்லாமல் இருக்கலாம்.

நமக்கு வேண்டியது மூன்று வகை. மைக்ரோ ஆர்என்ஏ மிகக் குட்டை, சுமார் 22 எழுத்து. நீள் ஆர்என்ஏ 200 எழுத்துக்கு மேல், சில பல்லாயிரம் வரை போகும். வட்ட ஆர்என்ஏ என்பது இரு முனைகளும் ஒட்டி வளையமாகிவிட்டது. ஆர்என்ஏயை முனையிலிருந்து அரிக்கும் நொதியங்களுக்கு அதில் பிடிக்க முனையே இல்லாததால் அது நெடுநேரம் அழியாமல் இருக்கும்.

உன்னிச்சைத் தண்ணீரும் வட்டவிதானையும்

சிறுபோகத்தில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பிப் படுவான்கரையில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக எல்லா வயலிலும் நெல் விளைந்துவிடாது. தண்ணீர் வாய்க்காலில் வரவேண்டும், வந்த தண்ணீர் உங்கள் வரவைக்குள், அதாவது வயல் துண்டுக்குள், திரும்பவேண்டும். எந்தக் கதவை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று பார்ப்பவர் வட்டவிதானை. அந்த வேலையில் அவர் கையால் ஒரு நெல்லும் விதைப்பதில்லை, அறுப்பதுமில்லை. ஆனால் யார் களத்தில் எத்தனை மூடை சேரும் என்பதில் அவருக்கு நிறையப் பங்கு.

குளத்தை ஜீன் என்று வையுங்கள், வாய்க்கால் தண்ணீரைத் தூது ஆர்என்ஏ என்று, நெல்லைப் புரதம் என்று. மைக்ரோ ஆர்என்ஏதான் வட்டவிதானை. அது தனியே வேலை செய்வதில்லை, ஆர்கோநாட் என்ற புரதத்துக்குள் அமர்ந்துகொள்ளும். தன் 22 எழுத்தில் இரண்டாவதிலிருந்து எட்டாவது வரையான பகுதி எந்தத் தூது ஆர்என்ஏயோடு பொருந்துகிறதோ அதில் போய் ஒட்டும். ஒட்டியதும் அந்தத் தூது ஆர்என்ஏயிலிருந்து புரதம் செய்வது தடைபடும், பெரும்பாலும் அந்தத் தூதே சிதைந்தும் போகும். ஏழு எழுத்துப் பொருத்தம் என்பது மிகக் குறைவு. ஆகவே ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான வெவ்வேறு தூதுகளில் ஒட்டக்கூடும். ஒரு விதானையின் பொறுப்பில் பல கதவுகள்.

சரி, இப்போது கதவை அடைக்க வந்த விதானையை வாய்க்கால் கட்டிலேயே ஒருவர் மறித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். கதவு அடைபடாது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். நீள் ஆர்என்ஏக்களும் வட்ட ஆர்என்ஏக்களும் சில வேளை இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மைக்ரோ ஆர்என்ஏ ஒட்டக்கூடிய எழுத்துகள் அவற்றிலும் இருக்கும். அது அங்கே போய் ஒட்டிவிட்டால், அடக்க வேண்டிய தூதுகள் அடங்காமல் போகும். ஒரே மைக்ரோ ஆர்என்ஏக்காகப் பல ஆர்என்ஏக்கள் இப்படிப் போட்டி போடுகின்றன என்ற கருத்து 2011இல் விரிவாக முன்வைக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த ஒரு வட்ட ஆர்என்ஏ இதற்குப் பிரபலமான உதாரணம். மிர்-7 என்ற ஒரே மைக்ரோ ஆர்என்ஏ ஒட்டுவதற்கு அதில் 70க்கும் மேற்பட்ட இடங்கள்.

ஒப்புமை இந்த இடத்தோடு போதும். விதானைக்கு வயலும் தெரியும், ஆளும் தெரியும், முகம் பார்ப்பதும் உண்டு. ஆர்என்ஏக்கு ஒன்றும் தெரியாது. மோதுகிறது, பொருந்தினால் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: மைக்ரோ ஆர்என்ஏ புரதத்தின் அளவைக் குறைக்கிறது. நீள் ஆர்என்ஏயும் வட்ட ஆர்என்ஏயும் சில வேளை அந்த மைக்ரோ ஆர்என்ஏயைப் பிடித்துவைத்து அளவைத் திரும்பக் கூட்டுகின்றன.

ஒரு புழு, இரண்டு பரிசு

ஒரு சின்ன விலகல். கலச் சாவும் மைக்ரோ ஆர்என்ஏயும் தெளிவானது ஒரே உயிரில்தான். ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, மண்ணில் வாழும் ஒரு புழு அது. அது வளரும்போது 1,090 உடற்கலங்கள் உண்டாகின்றன, அவற்றில் சரியாக 131 செத்துப்போகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131. சாவு திட்டத்தின் பகுதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே புழுவில்தான் 1993இல் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் முதல் மைக்ரோ ஆர்என்ஏ எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று பல வருடங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2000இல் கண்டறிந்த இரண்டாவது மைக்ரோ ஆர்என்ஏ மனிதரிலும் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. இந்த இருவருக்கும் நோபல் வந்தது 2024இல்.

மார்பகக் கலத்துக்குள்

இனி உண்மையான பெயர்களோடு பார்ப்போம். மார்பகப் புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி வரும் பெயர் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ. பக்கத்திலிருக்கும் நல்ல மார்பகக் கலங்களைவிடப் புற்றுநோய்க் கலங்களில் இது கூடுதலாக இருக்கிறது. இது அடக்கும் தூதுகளில் பிடிசிடி4, பிடென் என்ற இரண்டு முக்கியமானவை. பிடிசிடி4 கலம் சாவதற்கு உதவும் புரதம். பிடென் வளர்ச்சிக்கும் பிழைப்புக்குமான சமிக்ஞையைத் தணித்துவைக்கும் புரதம். மிர்-21 கூடினால் இரண்டும் குறைகின்றன, கலம் சாவின் வாசலிலிருந்து விலகிப் போகிறது.

எதிர்ப்பக்கத்தில் காஸ்5 என்ற நீள் ஆர்என்ஏ. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் இது குறைந்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் இதைக் கூட்டினால் கலங்கள் எளிதாகச் சாகின்றன. இதற்கு ஒரு காரணம் காஸ்5இல் மிர்-21 ஒட்டும் இடம் இருப்பது. காஸ்5 நிறைய இருந்தால் மிர்-21 அதில் சிக்கிக்கொள்ளும், பிடிசிடி4 தப்பும். ஆனால் ஒட்டல் என்பது இரண்டு பக்கமும் பாதிக்கிற விஷயம். மிர்-21 அதிகமானால் அது காஸ்5ஐயே சிதைத்துக் குறைத்துவிடும். ஆகவே யார் முதலில் கூடினாரோ அவர் மற்றவரை மேலும் குறைக்கிறார். புற்றுநோய்க் கலத்தில் மிர்-21 ஏறி, காஸ்5 இறங்கி, அந்த நிலை அப்படியே நிலைத்துப்போவது இதனால்தான் எளிதாகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவையாகத் தோன்றுவது இந்த இடம்தான். ஒற்றை ஆர்என்ஏ என்ன செய்கிறது என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அது யாரோடு ஒட்டுகிறது, அந்த மற்றவர் எவ்வளவு இருக்கிறார் என்று கேட்டால்தான் முழுப் பதிலும் வரும்.

மிர்-34 இன்னொரு வகை. இதைக் கூட்டிவிடுவது பி53. மிர்-34 போய் பிசிஎல்-2இன் தூதை அடக்குகிறது. அதாவது பி53 தானாகவும் சாவைத் தூண்டுகிறது, மிர்-34 வழியாகக் காப்பாளரையும் குறைக்கிறது. பி53 கெட்ட கட்டியில் இந்த இரண்டாவது வழியும் பலவீனப்படும்.

வட்ட ஆர்என்ஏ ஒன்று: சர்க்ஃபாக்ஸோ3. இது ஆர்என்ஏயைப் பிடித்து வேலை செய்யவில்லை, புரதத்தைப் பிடிக்கிறது. எம்டிஎம்2 என்ற புரதம் ஃபாக்ஸோ3 என்ற சாவைத் தூண்டும் புரதத்தை அழித்துவிடும். சர்க்ஃபாக்ஸோ3 எம்டிஎம்2ஐப் பிடித்துக்கொள்வதால் ஃபாக்ஸோ3 அழியாமல் சேர்கிறது, கலம் சாகிறது. 2017இல் வெளியான ஆய்வு இது, மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் செய்தது. விசித்திரம் என்னவென்றால் அதே பிடியில் பி53 இன்னும் வேகமாக அழிகிறது! சாவைத் தூண்டும் ஒன்றைக் காக்கும்போதே இன்னொன்றை அழிக்கிறது. மொத்தக் கணக்கில் சாவு கூடுகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு.

வில்லன் தேடாதீர்கள்

இதைப் படித்ததும் மிர்-21 கெட்டது, காஸ்5 நல்லது என்று பட்டியல் போடத் தோன்றும். பத்திரிகைச் செய்திகள் அப்படித்தான் போடுகின்றன. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

மாலாட்1 என்ற நீள் ஆர்என்ஏ மார்பகப் புற்றுநோய் பரவ உதவுகிறது என்று 2016இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. 2018இல் வேறு முறையில், அதுவும் எலிகளில் செய்த ஆய்வு, அது பரவலைத் தடுக்கிறது என்று காட்டியது. இரண்டும் மதிப்பான ஆய்வுகள்தான்.

பிசிஎல்-2 இன்னும் வேடிக்கை. அது சாவைத் தடுக்கும் புரதம், ஆகவே அது கூடுதலாக உள்ள கட்டி மோசமானது என்று நினைப்போம். மார்பகப் புற்றுநோயில் பல வேளை எதிர்மாறு. ஈஸ்ட்ரஜன் ஓமோனுக்கு இணங்கி நடக்கும் கட்டிகளில்தான் பிசிஎல்-2 அதிகம், அந்த நோயாளிகள் சராசரியாக நன்றாகவே தேறுகிறார்கள். பிசிஎல்-2 அங்கே காப்பாளர் மட்டுமில்லை, ஓமோன் சிகிச்சைக்கு இணங்கும் கட்டி இது என்பதற்கு அடையாளமும்கூட.

'பிடித்துவைத்தல்' கருத்திலேயும் ஒரு கணக்குப் பிரச்சினை உண்டு. ஒரு மைக்ரோ ஆர்என்ஏ ஒட்டக்கூடிய இடங்கள் கலம் முழுக்கப் பல்லாயிரம் இருக்கும். அரிதாகவே காணப்படும் ஒரு நீள் ஆர்என்ஏ அதில் சிலவற்றைப் பிடித்தால் மொத்தத்தில் என்ன மாறப்போகிறது? ஆய்வுகூடத்தில் அந்த நீள் ஆர்என்ஏயைப் பல மடங்கு கூட்டினால் விளைவு தெரியும்தான். உடம்பில் அது இயல்பாக உள்ள அளவில் தெரியுமா என்பது வேறு கேள்வி. 'இன்ன ஆர்என்ஏ இன்ன மிர்ரைப் பிடித்துக் கலச்சாவைத் தடுக்கிறது' என்று ஆண்டுதோறும் வரும் ஏராளமான கட்டுரைகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

சாவதற்கு வேறு வழிகளும் உண்டு

அப்போப்டோசிஸ் மட்டும்தான் கலச்சாவு என்றில்லை. 2012இல் பெயரிடப்பட்ட ஃபெரோப்டோசிஸில், இரும்பின் துணையோடு கலமென்சவ்வின் கொழுப்பு ஒட்சியேற்றமடைந்து கலம் சிதைகிறது. ஜிபிஎக்ஸ்4 என்ற நொதியம் அதைத் தடுக்கிறது. அந்த நொதியத்தின் அளவிலும் ஆர்என்ஏக்கள் கை வைக்கின்றன, முறை மேலே சொன்னதுதான். அப்போப்டோசிஸுக்கு அசையாத கட்டிகளை இந்த வழியால் கொல்லலாமா என்று பார்க்கிறார்கள்.

மருந்தாகுமா?

மிர்-34ஐச் செயற்கையாகச் செய்து கொழுப்புக் குமிழிக்குள் வைத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில் 2013இல் தொடங்கிய சோதனை அது. நோயெதிர்ப்புத் தொகுதி கடுமையாகக் கிளர்ந்து சில நோயாளிகள் இறந்த பிறகு, 2016இல் நிறுத்தினார்கள். ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்க்கும் கலத்தைக் கொல்வதற்கும் ஆளுக்கு மருந்து கொடுப்பதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

ஆர்என்ஏ மருந்தே முடியாது என்றும் இதற்கு அர்த்தமில்லை. தூதை அடக்கும் சிறு ஆர்என்ஏ மருந்துகள் 2018 முதல் அங்கீகாரம் பெற்றுப் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஈரலில் வேலை செய்பவை, இரத்தத்தில் ஏற்றியதை ஈரல் இலகுவாக எடுத்துக்கொள்வதால். மார்பகக் கட்டிக்குள் போதுமான அளவு கொண்டுசேர்ப்பதுதான் இன்னும் கைவராத வேலை.

கிண்ணத்துக் கலங்களைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் ஆய்வில் மிகவும் பழகிய கலவகை எம்சிஎஃப்-7, 1970இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எடுத்தது. அதில் காஸ்பேஸ்-3, அதாவது முக்கியமான வெட்டும் நொதியம், வேலை செய்வதில்லை. கலச்சாவு பற்றிய எத்தனையோ முடிவுகள் இந்தக் குறையுள்ள கலத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நம் கையில் உள்ள ரிப்போர்ட்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ மார்பகக் கட்டியின் துண்டைப் பரிசோதித்துத் தரும் ரிப்போர்ட்டில் ஈஆர், பீஆர், ஹெர்2 என்று மூன்று பெயர் இருக்கும். மூன்றும் புரதங்கள். மைக்ரோ ஆர்என்ஏ, நீள் ஆர்என்ஏ எதுவும் அந்த ரிப்போர்ட்டில் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்க அவை இன்று வழக்கத்தில் இல்லை. ஒரு துளி இரத்தத்தில் ஆர்என்ஏ பார்த்து மார்பகப் புற்றுநோயைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் அனுப்பினால், அது மார்பகப் பரிசோதனைக்கோ மெமோகிராமுக்கோ பதிலாகாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தைக் கையால் பரிசோதித்துப் பார்க்கிறார்கள், அதற்குப் பணம் இல்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள முதல் பெயருக்கும் நாம் பேசியதற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஈஆர் என்பது ஈஸ்ட்ரஜனை வாங்கும் புரதம். அது இருந்தால்தான் ஈஸ்ட்ரஜனை மறிக்கும் தமொக்சிஃபென் மாத்திரைக்கு வேலை. மிர்-221, மிர்-222 என்ற இரட்டையர் அந்த ஈஆர் தூதை அடக்கிப் புரதத்தைக் குறைக்கின்றன என்று 2008இல் காட்டினார்கள். அவை கூடிய கலங்கள் தமொக்சிஃபெனுக்கு அவ்வளவு இலகுவாகச் சாகவில்லை. ஆரம்பத்தில் மாத்திரைக்கு நன்றாக இணங்கிய சில கட்டிகள் பிறகு இணங்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த வழியில் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.